பழைய பேஸ்பால் கார்டு சேர்க்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது?

ஈரிக்கரையான்

எல்லோருக்கும் வணக்கம். க்ளீவ்லாந்து பக்கம் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதல் எட்டு வருஷம் பேஸ்பால் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பையன் லிட்டில் லீக்கில் (பிள்ளைகளுக்கான பேஸ்பால்) சேர்ந்த பிறகுதான் வேறு வழியில்லாமல் மைதானத்து ஓரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தேன், இப்போது அவனைவிட எனக்குத்தான் பைத்தியம் முற்றிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை பக்கத்துத் தெருவில் ஒரு கராஜ் சேல். மூன்று ஷூ பெட்டி நிறைய பேஸ்பால் கார்டு (ஆட்டக்காரர் படம் அச்சடித்த சின்ன அட்டை), மொத்தமும் இருபது டாலர் என்றார்கள். வாங்கி வந்து இரவு ஒரு மணி வரை தரையில் பரப்பிப் பிரித்தேன், வீட்டம்மா ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. பெரும்பாலும் 1987 டாப்ஸ் (மரப்பலகை மாதிரி ஓரம் உள்ளது), 1988 டான்ரஸ், 1990 ஃப்ளியர், மூன்றும் கார்டு அச்சடித்த கம்பெனிகளின் பெயர். அடியில் ஒன்றே ஒன்று கறுப்பு ஓரம் போட்டு, முனையெல்லாம் வெள்ளையாகத் தேய்ந்து கிடந்தது. இதில் எதற்காவது மதிப்பு உண்டா? நிஜமாகவே பழைய கார்டு சேர்க்க வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? மாதம் ஐம்பது டாலர் ஒதுக்க முடியும், அதற்கு மேல் போனால் வீட்டில் கேள்வி வரும்.

ஷூபெட்டி

தம்பி, கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்று பெட்டியில் கறுப்பு ஓரக் கார்டு ஒன்றைத் தவிர மீதியைப் பையனிடம் கொடுத்துவிடுங்கள், விளையாடட்டும்.

1986-லிருந்து 1993 வரை வந்தவற்றை இங்கே 'ஜங்க் வேக்ஸ்' (குப்பை மெழுகுத்தாள் பாக்கெட்) என்பார்கள். எண்பதுகளில் பழைய கார்டுகள் நல்ல விலைக்குப் போவது செய்தியானது, உடனே எல்லோரும் புதுக் கார்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள், பிள்ளை காலேஜ் போகும்போது விற்றுக்கொள்ளலாம் என்று. கம்பெனிகளும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு யார் காசு கொடுப்பார்கள்? 1989 அப்பர் டெக் கம்பெனி கார்டுகளில் முதல் எண் கென் கிரிஃபி ஜூனியர் என்ற நட்சத்திரம், அந்த மாதிரி ஒன்றிரண்டு இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையது என்று நாங்கள் சொல்வது பொதுவாக 1980 வரை. அந்தக் கோடு ஏன் அங்கே விழுகிறது என்றால், 1956-ல் டாப்ஸ் தன் போட்டிக் கம்பெனியான போமனை வாங்கியது, அதன்பிறகு கால் நூற்றாண்டு கிட்டத்தட்ட அது வைத்ததுதான் சட்டம். ஃப்ளியர் கோர்ட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு 1981-ல்தான் ஃப்ளியரும் டான்ரஸும் சந்தைக்குள் வந்தன. ஆனால் மேல்முறையீட்டில் பபிள்கம்மோடு கார்டு விற்கும் உரிமை டாப்ஸுக்கே என்று தீர்ப்பாகிவிட, ஃப்ளியர் கம்முக்குப் பதில் ஸ்டிக்கர் வைத்தது, டான்ரஸ் புதிர்ப்படத் துண்டு வைத்தது. கம்முக்காகக் கார்டா, கார்டுக்காகக் கம்மா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அப்படித்தான் இந்தத் தொழிலே வளர்ந்தது.

உங்கள் கறுப்பு ஓரம் 1971 டாப்ஸ். அந்த வருஷ செட்டில், அதாவது கம்பெனி வெளியிட்ட முழுத் தொகுப்பில், மொத்தம் 752 கார்டு. ஓரத்தில் கறுப்பு மை என்பதால் லேசாகப் பட்டாலும் வெள்ளை தெரிந்துவிடும், அதனால் நல்ல நிலையில் கிடைப்பது கஷ்டம். யாருடைய கார்டு அது?

கணக்குப்பிள்ளை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஐம்பது டாலரை மாதாமாதம் கரைக்காமல் ஒரு வருஷம் சேர்த்து ஒரே ஒரு நல்ல கார்டு, தர மதிப்பீடு செய்தது (நிலையைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று எண் போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் சீல் வைத்தது), பெரிய ஆட்டக்காரருடையது, அதை வாங்கிப் போடுங்கள் என்பது என் கருத்து. 1952 டாப்ஸ் மிக்கி மேன்டல் (நியூயார்க் யாங்கீஸ் நட்சத்திரம்) கார்டு 2022 ஆகஸ்டில் ஏலத்தில் 1.26 கோடி டாலருக்குப் போனது. அதே கார்டு, அதே பிரதி, 1991-ல் 50,000 டாலருக்குக் கைமாறியது. 31 வருஷம், 252 மடங்கு. கூட்டுவட்டியில் பார்த்தால் வருஷத்துக்கு சுமார் 19 சதவீதம். எந்த ஃபண்டு இதைக் கொடுக்கும்?

மூணாம்பேஸ்

1991-ல் ஐம்பதாயிரம் டாலர் கையில் இருந்திருந்தால் நான் ஏன் அண்ணே இங்கே உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்?

ஷூபெட்டி

கணக்கு சரிதான், ஆனால் ஜெயித்த குதிரையை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. அது உலகத்திலேயே சிறந்த நிலையில் இருக்கும் மேன்டல்களில் ஒன்று, மதிப்பீடு 9.5. நூறு வருஷமாக இருந்த கார்டுகளில் ஒரே ஒரு கார்டின் கதை அது. அதே 1991-ல் அன்றைய புதுக் கார்டுகளைப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியவர் கதையையும் இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஈரிக்கரையான் வாங்கிய இருபது டாலர் ஷூ பெட்டிதான் அதன் விடை.

இன்னொன்று. அந்த மேன்டல் அரிதானதாக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். 1952 டாப்ஸில் 407 கார்டுகள். 311 முதல் 407 வரை கடைசி வரிசை, சீசன் முடியும் நேரத்தில் வந்ததால் பிள்ளைகள் ஃபுட்பாலுக்குப் போய்விட்டார்கள், விற்கவில்லை. அந்த வரிசையில் முதல் எண்ணான 311-தான் மேன்டல். ஆனால் அச்சுத் தாளில் அவர் இரண்டு இடத்தில் இருந்தார், அதாவது அதே வரிசையில் உள்ள பல பெயர் தெரியாத ஆட்டக்காரர்களைவிட அவர் கார்டு இரண்டு மடங்கு அச்சானது. அவருடைய முதல் கார்டும் அது இல்லை, 1951 போமனில் 253-ஆம் எண்தான் முதல். விலையை ஏற்றியது அரிது என்பது இல்லை, ஆசை.

அந்த விற்காத கார்டுகள் என்ன ஆயின தெரியுமா? அந்த செட்டை புரூக்ளினில் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து வடிவமைத்தவர் சை பெர்கர். எட்டு வருஷம் கிடங்கில் கிடந்த மிச்சத்தை யாருமே வாங்க மாட்டேன் என்றதும், 1960 வாக்கில் ஒரு படகில் ஏற்றி நியூ ஜெர்சி கடலுக்கு அப்பால் கொட்டினார். அவரே பின்னால் சொன்ன கதை இது. நான் ஒவ்வொரு கோடையும் அந்தக் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போகிறவன், அலையைப் பார்த்தாலே வயிறு எரியும்.

ஈரிக்கரையான்

அண்ணா, கறுப்பு ஓரத்தில் இருப்பவர் யாரோ ஒரு கேட்ச்சர், பெயரைத் தேடிப் பார்த்தேன், பெரிய ஆள் இல்லை போல. பரவாயில்லை, அதைத்தான் மேசையில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

சரி, முட்டாள்தனமான கேள்வியாக இருக்கலாம். ரொம்பப் பழையதிலிருந்து ஆரம்பித்தால் என்ன? சிகரெட் பாக்கெட்டில் வந்த கார்டு என்று படித்தேன்.

ஷூபெட்டி

முட்டாள்தனம் இல்லை, நான் அங்கேதான் தொடங்கினேன். 1909-லிருந்து 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் போட்டவை டி206. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். முன்பக்கம் ஓவியம் மாதிரி நிறம், பின்பக்கம் பீட்மாண்ட், ஸ்வீட் கேபரல் என்று சிகரெட் விளம்பரம். ஐந்நூற்றுக்கும் மேல் இருப்பதால் இதைச் சேர்ப்பவர்கள் 'மான்ஸ்டர்' என்றே கூப்பிடுவார்கள். இதில்தான் அந்தக் காலத்துப் பெரிய நட்சத்திரம் ஹோனஸ் வாக்னர். தன் கார்டை அச்சடிக்காதே என்று அவர் நிறுத்திவிட்டார், பிள்ளைகள் சிகரெட் வாங்கிவிடக் கூடாது என்பதற்காக என்று ஒரு கட்சி, காசு கொடுக்கவில்லை என்ற கோபம் என்று இன்னொரு கட்சி. வெளியே போன கொஞ்சம் பிரதிகளில் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலர், அதுவும் மதிப்பீட்டில் வெறும் 2 வாங்கிய கார்டு.

ஆனால் பெயர் பெரிதாக இல்லாத டி206, முனை மழுங்கி, குறுக்கே ஒரு மடிப்பு விழுந்தது, நூறு டாலருக்குள்ளேயே கிடைக்கும். நூறு வருஷத்துக்கு மேல் ஆன பொருள், யாரோ ஒருத்தர் சட்டைப் பையில் கிடந்தது. உங்கள் பட்ஜெட்டில் இரண்டு மாதத்துக்கு ஒன்று. வேகமாகச் சேராது, அவசரம் இல்லை என்றால் இதைவிட நல்லது இல்லை.

பழைய பேப்பர்

டி206 என்ற பெயரைப் பற்றி ஒரு வரி, ஏனென்றால் இது என் தொழில் சம்பந்தப்பட்டது (நான் ஒரு நூலகத்தில் பழைய காகிதங்களைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன்). இந்தப் பெயரைக் கம்பெனி வைக்கவில்லை. ஜெஃபர்சன் பர்டிக் என்று சிரக்யூஸில் ஒரு மனிதர், தொழிற்சாலை வேலை, கல்யாணம் ஆகவில்லை, அமெரிக்காவில் அச்சான கார்டுகள் அத்தனைக்கும் ஒரு பட்டியல் போட்டார். டி என்றால் இருபதாம் நூற்றாண்டுப் புகையிலை, என் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை, இ என்றால் பழைய மிட்டாய், ஆர் என்றால் பின்னால் வந்த கம். இன்றைக்கும் அவர் வைத்த எண்ணைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தன் சேகரிப்பை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார், அதில் பேஸ்பால் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேல். கொடுத்ததோடு போகவில்லை. மூட்டுவாதத்தில் விரல் மடங்காத நிலையில் வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்து ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசிக் கார்டை ஒட்டி முடித்தார், இரண்டே மாதத்தில் இறந்துபோனார்.

ஒட்டினார் என்பதைக் கவனியுங்கள். பசை போட்டு. அந்த வாக்னரையும் சேர்த்து. என் தொழிலில் இருப்பவர்களுக்கு அதைக் கேட்டால் மயக்கம் வரும், ஆனாலும் அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

மூணாம்பேஸ்

அக்கா, நாங்கள் சின்ன வயதில் பபிள்கம்மில் வந்த கிரிக்கெட் படத்தை அரிசிச் சோற்றால் பீரோவில் ஒட்டியவர்கள். எங்கள் மேலும் கோபம் வராதுதானே?

பழைய பேப்பர்

வரும்.

ஈரிக்கரையான்

எல்லோரும் திட்டுவதற்குத் தயாராகுங்கள். நேற்று இரவு ஆன்லைனில் கௌடி என்ற கம் கம்பெனியின் 1933 பேப் ரூத் கார்டு ஒன்று வாங்கிவிட்டேன். அறுபது டாலர். 'பாட்டி வீட்டுப் பரணில் கிடைத்தது, உண்மையா என்று எனக்குத் தெரியாது, இருக்கிறபடி விற்கிறேன்' என்று எழுதியிருந்தார். மாதிரிப் படங்களைப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. மஞ்சள் பின்னணி. முனைகள் அழகாகத் தேய்ந்து...

ஷூபெட்டி

ஐயோ தம்பி.

கணக்குப்பிள்ளை

நான் சொன்னபோது கேட்கவில்லை. மதிப்பீடு செய்த டப்பாவில் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லை.

சிவகாசிப் பிளேட்டு

கார்டு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அண்ணாச்சி சொன்னார் என்று இந்த இழையைப் படிக்க வந்தேன். ஆனால் ஆஃப்செட்டில் இருபத்தாறு வருஷம் நின்றவன், அச்சு பற்றிக் கேட்டால் சொல்லலாம்.

பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் வாங்குங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்வாரே அது. கார்டில் கறுப்பு எழுத்து எங்கே இருக்கிறதோ அங்கே வைத்துப் பாருங்கள், பெயர், எண், ஓரக்கோடு எதுவானாலும். அசல் அச்சில் எழுத்துக்கென்று பிளேட்டில் தனியாகக் கோடாகவே வந்திருக்கும், மை கெட்டியாக, விளிம்பு கத்தரித்த மாதிரி நிற்கும். போலி எப்படிச் செய்வான்? அசலைப் படம் பிடித்து அல்லது ஸ்கேன் செய்து, மறுபடி நான்கு நிறமாகப் பிரித்து அச்சடிப்பான். அப்போது எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளியாக உடைந்துவிடும். கறுப்பு எழுத்துக்குள் நீலப் புள்ளியும் சிவப்புப் புள்ளியும் பூக்கோலம் மாதிரி தெரிந்தால் அது படத்தின் படம். கண்ணுக்குத் தெரியாது, லென்ஸுக்குத் தப்பாது.

அடுத்தது பேப்பர். இப்போது வரும் பேப்பரில் வெள்ளையாகத் தெரிவதற்கு ஒரு ரசாயனம் கலப்பார்கள், புற ஊதா டார்ச் அடித்தால் டெட்டர்ஜென்ட்டில் துவைத்த வேட்டி மாதிரி நீலமாக ஒளிரும். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய பேப்பரில் அது கிடையாது. 1933 என்கிறீர்கள், இருட்டில் டார்ச் அடியுங்கள். பளிச்சென்று மின்னினால் சந்தேகமே வேண்டாம். ஆனால் மின்னவில்லை என்பதால் அசல் ஆகிவிடாது, பழைய பேப்பரைத் தேடிப்பிடித்து அதில் அடிக்கும் கில்லாடிகளும் உண்டு.

தேய்மானம் கடைசி. கையால் தேய்ந்த முனை நான்கும் நான்கு விதமாக இருக்கும். உப்புத்தாளில் தேய்த்த முனை நான்கும் ஒரே மாதிரி இருக்கும்.

ஈரிக்கரையான்

கார்டு வந்தது. லென்ஸும் வந்தது. 'பேப்' என்ற எழுத்துக்குள் ஹோலிப் பண்டிகையே நடக்கிறது. டார்ச் அடித்தேன், பையன் 'அப்பா, பேய் மாதிரி இருக்கு' என்றான்.

அறுபது டாலர் போச்சா?

ஷூபெட்டி

பணம் செலுத்திய வழியில் புகார் கொடுங்கள், 1933 என்று தலைப்பில் போட்டிருந்தால் 'எனக்குத் தெரியாது' என்பது செல்லாது, பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். பாட்டி வீட்டுப் பரண் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்பது இங்கே முதல் பாடம். அந்தப் பாட்டிகளுக்கு எத்தனை பேப் ரூத்!

கௌடியில் ரூத்துக்கு மட்டும் நான்கு கார்டுகள் இருக்கின்றன, எண் 53, 144, 149, 181. மஞ்சள் என்றால் 53. எந்த நிலையில் இருந்தாலும் அறுபது டாலருக்கு அசல் கிடைக்காது தம்பி, விலையே சொல்லியிருக்க வேண்டும்.

அந்த கம்பெனியே லேசுப்பட்டது இல்லை. 1933 செட்டில் 240 எண்கள், 106 மட்டும் அச்சடிக்கவே இல்லை. பிள்ளைகள் அது வரும் வரும் என்று கம் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். எங்கே 106 என்று கேட்டுக் கடிதம் எழுதியவர்களுக்கு மட்டும் 1934-ல் நாப் லாஜோய் கார்டை அச்சடித்துத் தபாலில் அனுப்பினார்கள். லாஜோய் ரிட்டயர் ஆகி அப்போதே பல வருஷம் ஆகியிருந்தது. ஒருகாலத்தில் உங்கள் க்ளீவ்லாந்து அணிக்கே அவர் பெயரால் 'நாப்ஸ்' என்றுதான் பெயர். இன்று அந்த 106 அந்த செட்டிலேயே மிக அரிதானது.

கணக்குப்பிள்ளை

மறுபடியும் கேட்கிறேன், இவ்வளவு லென்ஸ், டார்ச் எதற்கு? பிஎஸ்ஏ, எஸ்ஜிசி மாதிரி இடங்களில் மதிப்பிட்டு சீல் செய்ததை வாங்கினால் நிம்மதி.

ஷூபெட்டி

விலை கூடிய கார்டுக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. நானே சில நூறு டாலரைத் தாண்டினால் டப்பாவில் இல்லாததைத் தொடுவதில்லை. ஆனால் மூன்று டாலர் கார்டை மதிப்பிட அனுப்பினால் கூலி கார்டைவிடப் பல மடங்கு ஆகும்.

டப்பா சொல்வதெல்லாம் வேதம் என்றும் நினைக்க வேண்டாம். பிஎஸ்ஏ 1991-ல் தொடங்கியபோது முதன்முதலாக மதிப்பிட்ட கார்டே ஒரு வாக்னர்தான், ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் கூட்டாளியும் 4,51,000 டாலருக்கு வாங்கியது. 8 கொடுத்தார்கள். 2013-ல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர், அந்தக் கார்டின் ஓரத்தைத் தான்தான் வெட்டிச் சீர்படுத்தியதாக ஒப்புக்கொண்டார். ஓரம் வெட்டிய கார்டுக்கு எண்ணே கொடுக்கக் கூடாது என்பது விதி. உலகத்திலேயே பேர்பெற்ற டப்பாவுக்குள்ளேயே வெட்டின கார்டு. டப்பாவைப் பார்த்து வாங்காதீர்கள், உள்ளே இருக்கும் கார்டைப் பாருங்கள்.

சிவகாசிப் பிளேட்டு

வெட்டினது தெரியும் அய்யா. கட்டிங் மிஷினில் அடுக்காக வெட்டும்போது விளிம்பில் கத்தி இறங்கின தடம் லேசாக இருக்கும், வருஷங்களில் அதுவும் அழுக்கேறியிருக்கும். மூன்று பக்கம் பழுப்பாக, ஒரு பக்கம் மட்டும் புதுசாக, கூராக இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார். அளவும் எடுத்துப் பாருங்கள். படம் ஓரத்துக்கு நகர்ந்திருப்பது வேறு விஷயம், அது தாள் கோணலாக ஏறினதால் வருவது, பிறவிக் குறை, ஏமாற்று இல்லை.

ஈரிக்கரையான்

புகார் கொடுத்தேன், பணம் திரும்பி வந்துவிட்டது. இப்போது நேராகச் சொல்லுங்கள் அண்ணா, அந்த அறுபது டாலரில் என்ன வாங்கட்டும்?

ஷூபெட்டி

ஒரு செட், ஒரு அணி. என் பதில் அவ்வளவுதான். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் ஐந்து வருஷம் கழித்து உங்களிடமும் மூன்று ஷூ பெட்டிதான் இருக்கும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 1956 டாப்ஸ், அதில் க்ளீவ்லாந்து மட்டும். காரணம் சொல்கிறேன். 340 கார்டுகள், எல்லாம் படுக்கை வாக்கில். ஒரு பக்கம் பெரிய முகம், பின்னால் மைதானத்தில் ஓடுகிற அல்லது சறுக்குகிற காட்சி, கையால் நிறம் தீட்டியது மாதிரி இருக்கும். 1957-லிருந்து கார்டு இன்றைய அளவுக்குச் சுருங்கிவிட்டது, இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். பெரிய அளவில் வந்த கடைசி வருஷம் 56. வேடிக்கையும் உண்டு: ஹாங்க் ஆரன் கார்டில் முகம் ஆரனுடையது, பின்னால் சறுக்கிக்கொண்டு வருவது வேறொரு நட்சத்திரமான வில்லி மேஸ். யாரும் கவனிக்கவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது. ஜாக்கி ராபின்சன் ஆடின காலத்தில் வந்த கடைசி டாப்ஸ் கார்டும் இந்த செட்டில்தான், எண் 30. அது இப்போதைக்கு வேண்டாம், ஐம்பது டாலரில் அடங்காது.

க்ளீவ்லாந்துக்கு வருவோம். 1954-ல் 111 ஆட்டம் ஜெயித்துவிட்டு உலகத் தொடரில் நான்குக்கு நான்கு தோற்ற கூட்டத்தில் பாதிப் பேர் இந்த செட்டில் இருக்கிறார்கள். விக் வெர்ட்ஸ் இருக்கிறார், அந்தத் தொடரில் எதிரணியின் மேஸ் முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடிப்போய்ப் பிடித்தாரே, அந்தப் பந்தை அடித்தவர். பிடித்தவர் கார்டு விற்கும் விலை என்ன, அடித்தவர் கார்டு விற்கும் விலை என்ன! வெர்ட்ஸை நான் நான்கு டாலருக்கு வாங்கினேன். பாப் ஃபெல்லர் இருக்கிறார், 200-ஆம் எண், அதுதான் அவர் ஆடிய கடைசி வருஷம். பாப் லெமன், ஏர்லி வின் இருவரும் ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பால் பெருமக்கள் பட்டியல்), ஆனாலும் மடிப்பு விழுந்த பிரதி என்றால் உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும்.

அப்புறம் ஹெர்ப் ஸ்கோர். எண் 140, அவருடைய முதல் கார்டு. இடதுகை பந்துவீச்சு, 1955-ல் முதல் சீசனிலேயே 245 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கினார். அடுத்த வருஷம் 20 வெற்றி. 1957 மே 7-ஆம் தேதி கில் மக்டூகால்ட் அடித்த பந்து நேராக வந்து கண்ணில் பட்டது. உயிர் தப்பினார், பார்வையும் திரும்பியது, ஆனால் அந்தப் பழைய ஸ்கோர் திரும்பவில்லை. கண்ணில் பட்டதால் இல்லை, மறு வருஷம் கையில் வந்த காயத்தால்தான் என்று அவரே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1964-லிருந்து 1997 வரை அதே க்ளீவ்லாந்து ஆட்டங்களுக்கு டிவியிலும் ரேடியோவிலும் வர்ணனை செய்தார். உங்கள் ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட யாரிடமும் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கதை கதையாக வரும். ஆனால் கார்டு உலகத்தில் அவர் ஒரு அரை நட்சத்திரம்தான், விலை அடக்கமாகவே இருக்கிறது.

நிலை பற்றி: மடிப்பு, தேய்ந்த முனை, பின்னால் கம் கறை எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். முகத்தில் கீறல், பேனாக் கிறுக்கல், கிழிசல், கத்தரித்தது இவற்றைத் தவிருங்கள். முடிந்தால் ஆன்லைனில் வாங்காமல் கார்டு ஷோவுக்குப் போங்கள், கையில் எடுத்துச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்கலாம். நாட்டிலேயே பெரிய கண்காட்சி 2024-ல் உங்கள் ஊரிலேயே நடந்தது, தவறவிட்டுவிட்டீர்கள். பரவாயில்லை, ஓட்டல் ஹாலில் நாற்பது மேசை போட்டு நடக்கும் சின்ன ஷோதான் புதியவர்களுக்கு நல்லது. 'லோ கிரேட், 56 காமன்ஸ்' (தேய்ந்த நிலையில் உள்ள, நட்சத்திரம் அல்லாதவர் கார்டுகள்) என்று கேட்டால் மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் போனது தெரியாது.

மூணாம்பேஸ்

மேசைக்கு அடியில் இருப்பது எப்போதும் நல்ல சரக்குதான்.

பழைய பேப்பர்

வாங்கும் முன் வைக்க இடம் தயார் செய்யுங்கள். மெல்லிய உறை, அதன்மேல் டாப் லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் கூடு. உறை இல்லாமல் டாப் லோடரில் நுழைத்தால் முனை மாட்டும். கார்டு செருகி வைக்கும் பழைய பிவிசி ஆல்பப் பக்கங்கள் யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம், குளியலறைத் திரை மாதிரி வாடை வந்தால் அது பிவிசி, காலப்போக்கில் கசிந்து கார்டில் ஒட்டிக்கொள்ளும். ஓஹியோவில் எல்லோருக்கும் பேஸ்மென்ட் இருக்கிறது, எல்லோரும் அங்கேதான் வைப்பார்கள், ஈரம். பரண், வெயில் காலத்தில் அடுப்பு. நீங்கள் தூங்கும் அறையில் அலமாரி இருந்தால் அதுதான் கார்டுக்கும் நல்லது. ஈரப்பதம் ஐம்பதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பேண்ட் கூடவே கூடாது. 1952 டாப்ஸில் முதல் எண் ஆண்டி பாஃப்கோ, பெரிய நட்சத்திரம் இல்லை. பிள்ளைகள் எண் வாரியாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டதால் மேலே இருந்த பாஃப்கோதான் எல்லா வீட்டிலும் அடிபட்டார். அதனாலேயே அடிபடாத பாஃப்கோ இன்று எக்கச்சக்க விலை.

ஈரிக்கரையான்

நேற்று ஷோவுக்குப் போய் வந்தேன். பையனையும் கூட்டிப்போனேன். மொத்தம் 41 டாலர்.

ஹெர்ப் ஸ்கோர் கிடைத்தார்! குறுக்கே ஒரு மடிப்பு, இடது மேல் முனை உருண்டை, முகம் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. விலை 18 என்று எழுதியிருந்தது, விற்றவருக்கு எழுபது வயதிருக்கும், ஏன் இதைத் தேடுகிறாய் என்றார். கண்ணில் பந்து பட்ட கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சின்ன வயதில் போர்வைக்குள் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு ஸ்கோர் குரலைக் கேட்டுத் தூங்கினதாகச் சொன்னார், 12 போதும் என்றார். மீதிப் பணத்தில் வெர்ட்ஸ் உட்பட எட்டு காமன்ஸ். ஒன்றின் பின்பக்கம் பென்சிலில் யாரோ ஒரு பிள்ளை 'இரண்டு இருக்கு' என்று எழுதி வைத்திருக்கிறது, மாற்றிக்கொள்வதற்காக இருக்கும். அழிக்கலாமா அக்கா?

பழைய பேப்பர்

அழிக்கக் கூடாது. கை வைத்தால் தெரியும் சேதி.

ஷூபெட்டி

அடேயப்பா, 12-க்கு ஸ்கோரா! நான் 20 கொடுத்தேன்.

ஈரிக்கரையான்

ஒரு சின்னச் சந்தேகம். ஒன்பது பாக்கெட் பக்கம் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன், 56 அதில் நுழைய மாட்டேன் என்கிறது. நான் ஏதாவது தப்பாக...

ஷூபெட்டி

சொன்னேனே தம்பி, 56 வரை பெரிய அளவு. எட்டு பாக்கெட் பக்கம் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த ஒன்பது பாக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், 57-ல் ராக்கி கொலாவிட்டோவின் முதல் கார்டு இருக்கிறது, அவரும் க்ளீவ்லாந்துதான்.